மோட்டார் சைக்கிளுக்கு இழுவைக் கொக்கி: என் அனுபவம்

யாழ்ப்பாணத்தின் உரும்பிராய்த் தோட்டத்திலிருந்து சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டைகளைக் கொண்டுபோக, சிறிய இழுவைப் பெட்டி ஒன்றைச் செய்தேன். கொக்கியை முதலில் பின் கரியரில் பூட்டினேன். பெரும் தவறு. மூன்றாம் நாளே கரியர் வளைந்தது. திருப்பங்களில் பெட்டி வண்டியை முறுக்கிப் பிடித்தது.

மோட்டார் சைக்கிள் சாய்ந்து திரும்பும், இரண்டு சக்கரப் பெட்டி சாயாது. ஆகவே இணைப்பு மேலும் கீழும், இடமும் வலமும் அசைவதோடு, தன் அச்சிலும் சுழல வேண்டும். பழைய வாகனமொன்றின் குறுக்கு மூட்டோடு (எல்லாப் பக்கமும் மடங்கும் சிலுவை வடிவ இணைப்பு), குழாய்க்குள் சுழலும் தண்டு ஒன்றைச் சேர்த்த பிறகுதான் வண்டி என் சொல் கேட்டது.

கொக்கியைப் பிடித்திருக்கும் தாங்கியை வண்டியின் பிரதான சட்டகத்தில் நான்கு 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் இறுக்கினேன். பின்சக்கரத்தைப் பிடித்து அதோடு ஏறியிறங்கும் இரும்புக் கையில் (ஸ்விங் ஆர்ம்) ஒருபோதும் பூட்டாதீர்கள். "தம்பி, வெல்டிங்குக்கு முதல் பற்றரியைக் கழற்று" என்று மாமா அதட்டியது மின்சுற்றுகளைக் காப்பாற்றியது.

பாரம் பின்னால் கூடினால் பெட்டி வாலாட்டும். மூட்டைகளைப் பெட்டியின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னே அடுக்கி, மொத்த எடையில் 10 சதவீதம் அளவு கொக்கியில் விழ வைக்கிறேன். பாதுகாப்புச் சங்கிலி தனியே உண்டு. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடுகிறது. அதனால் மெதுவாகவே போகிறேன்.