பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்: சென்னையில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வாங்குவது எப்படி

கணவர் இறந்துவிட்டார், வருகிற சம்பளத்தில் பாதி வாடகைக்கே சரி, பிள்ளையை ஏதாவது குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிடலாமா? இப்படி யோசிக்கும் நிலையில் இருந்தால் முதலில் நிதி ஆதரவுக்கு முயலுங்கள். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. பிள்ளை வீட்டிலேயே வளரப் பண உதவி தர 45ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த உதவி இப்போது ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாயாக, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிடைக்கிறது.

கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் வளரும் பெற்றோரற்ற பிள்ளைகள், பெற்றோர் கொடிய நோயிலோ விபத்திலோ முடங்கிய வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். நகரத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கிராமத்தில் 72,000.

விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். குடியிருக்கும் மாவட்டம் எது என்று முதலில் பாருங்கள். கண்ணகி நகர் சென்னை மாவட்டம், பக்கத்திலேயே இருக்கும் பெரும்பாக்கம் செங்கல்பட்டு. ரேஷன் கார்டு பழைய முகவரியிலேயே இருந்தால் அலைச்சல்தான். அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் சிக்குவது வருமானச் சான்றில். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அங்கே படிவம் நிரப்புபவர் ‘மாதம் பத்தாயிரம்’ என்று கைப்போக்கில் போட்டுவிட்டால் ஆண்டுக்கு 1,20,000 ஆகிவிடும், வரம்பைத் தாண்டிவிடும். 96,000 என்பது மாதம் சரியாக 8,000. இறந்தவரின் பழைய சம்பளத்தையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். அனுப்பும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, உண்மையான வருமானம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறைத்துப் போடவும் வேண்டாம், வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள்.

இறப்புச் சான்றை மாநகராட்சி இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கணவர் விட்டுப் போனவர் என்றால், கைவிடப்பட்ட பெண் என்ற சான்றும் இ-சேவையிலேயே கிடைக்கும். இவற்றோடு ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. ஆதாரில் ‘எஸ். கவின்’, பாஸ்புக்கில் ‘கவின் எஸ்’ என்று இருந்தாலே பணம் திரும்பிப் போகக்கூடும். இதையும் முன்பே சரிசெய்யுங்கள்.

சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். வீட்டை அலங்கரிக்க வேண்டாம், உள்ளபடி இருக்கட்டும். கடன், மருத்துவச் செலவுக்கான தாள்களைக் கையில் வைத்திருங்கள். அறிக்கை மாவட்ட ஒப்புதல் குழுவுக்குப் போகும். ஒப்புதல் வந்தபின் பிள்ளை பள்ளியை நிறுத்தினாலோ விடுதியில் சேர்ந்தாலோ உதவி நின்றுவிடும்.

தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் இதிலிருந்து வேறு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு அதில் மாதம் 2,000 ரூபாய்.

பிள்ளையை ஒப்படைப்பதாக எழுதிய தாள் எதிலும் அவசரத்தில் கையெழுத்து போடாதீர்கள். சட்டப்படி ஒப்படைப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழுவான குழந்தைகள் நலக்குழு முன்னால்தான் நடக்க வேண்டும். அப்படிக் கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற இளைஞர் நீதிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இரண்டு மாத அவகாசம் தருகிறது. அந்த நாட்களுக்குள் குழுவிடமே நேரில் போய்ப் பிள்ளையைத் திரும்பக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், இரவானாலும் எடுப்பார்கள்.