ஒரு போன், ஒரு ஃப்ரிட்ஜ் ட்ரே: வீட்ல இருந்தே கணக்குப் பாட வீடியோ எடுக்கலாம் வாங்க

மழை லீவுல வீட்ல இருக்கற பசங்க, ஊர் மாறிப் போயும் நம்மகிட்டயே டியூஷன் படிக்கறவங்க, இவங்களுக்குப் பாடத்தை வீடியோவா அனுப்ப கேமரா எல்லாம் வாங்க வேணாம், கையில இருக்கற போனே போதும். ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, தமிழ்நாடு அரசு பாடப்புத்தகத்துல க்யூஆர் கோடு இருக்கு, கல்வித் தொலைக்காட்சியும் 2019ல இருந்து ஓடுது, அங்க நல்ல வீடியோ கிடைச்சா அதையே அனுப்பிடுங்க. உங்க பசங்க எங்க முட்டிக்கிட்டு நிக்கறாங்களோ அதுக்கு மட்டும் நீங்க எடுத்தா போதும்.

1. ஒரு வீடியோக்கு ஒரே கணக்கு

எட்எக்ஸ் ஆன்லைன் கோர்ஸ்கள்ல பசங்க வீடியோ பாத்த 69 லட்சம் தடவையை அலசி 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, 6 நிமிஷத்துக்குள்ள இருக்கற வீடியோவைத்தான் நல்லா பாக்கறாங்கன்னு அதுல தெரிஞ்சுது. அதனால "பின்னங்கள்"னு முழுப் பாடத்தையும் தூக்காதீங்க. 1/3 + 1/4, இது ஒண்ணு போதும். பாதிப் பேர் 2/7னு போடுவாங்க இல்லையா, அதையே பேப்பர்ல எழுதி, ஏன் தப்புன்னு காட்டிட்டு, அப்புறம் 4/12 + 3/12 = 7/12னு வாங்க. நடுவுல "வீடியோவை நிறுத்திட்டு நீயே போட்டுப் பாரு"ன்னு சொல்ல மறக்காதீங்க, நேர்ல இல்லாத வகுப்புல பசங்களை வேலை வாங்க இதுதான் வழி.

2. போனை மேல நிறுத்தறது

2020 லாக்டவுன்ல ஒரு டீச்சர் ஃப்ரிட்ஜ் ட்ரேயை ரெண்டு டப்பா மேல வெச்சு, ட்ரே மேல போனை வெச்சு, கீழ பேப்பர்ல எழுதி கிளாஸ் எடுத்த போட்டோ வைரலாச்சே, அதேதான். ட்ரேயை நல்லா தொடைங்க, லென்ஸையும். வலது கையால எழுதறவங்களுக்கு ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்துல இருந்து வரணும், இல்லன்னா எழுதற இடத்துலயே கை நிழல் விழும். போனைப் படுக்க வெச்சா எது மேல எது கீழன்னு அதுக்கே குழம்பிடும், வீடியோ தலைகீழா வந்து நிக்கும். அதனால போனை அகலவாக்குல நிமித்திப் பிடிச்சு ரெக்கார்டை ஆன் பண்ணிட்டு அப்புறம் ட்ரேல வைங்க, முன்னாடி வர்ற ஆட்டத்தை கட் பண்ணிக்கலாம்.

3. சத்தம்

படம் சுமாரா இருந்தாக்கூட பசங்க பாத்துடுவாங்க, குரல் கேக்கலன்னா மூடிடுவாங்க. ஃபேன் ஆஃப், ஃப்ளைட் மோடு ஆன், குக்கர் விசில் அடங்கினப்புறம் ஆரம்பிங்க. வயர் இயர்போன் மைக்கை சட்டையில குத்திக்கலாம், ஆனா எல்லா போன் கேமராவும் அந்த மைக்கை எடுத்துக்காது, அதனால பத்து செகண்ட் பேசிப் பாத்துட்டு எடுங்க.

4. சைஸ் (இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க)

கேமரா செட்டிங்ல வீடியோ தெளிவை 1080பின்னு வெச்சு எடுத்தா நிறைய போன்ல ஒரு நிமிஷமே 100 எம்பிய தாண்டிடும். 720பி போதும். வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா அது அமுக்கி அனுப்பும், பென்சில் எழுத்து கரைஞ்சு போயிடும். டாக்குமெண்டா அனுப்பினா தெளிவு குறையாது, ஆனா ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்ட வீட்ல அது பாவம். யூடியூப்ல அன்லிஸ்டடா ஏத்தி லிங்க் அனுப்பறதுதான் என் சாய்ஸ், லிங்க் இருக்கறவங்க மட்டும் பாப்பாங்க, நெட் வீக்கா இருந்தா குவாலிட்டியைக் குறைச்சுக்கலாம். அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களே 240பில போட்டுப் பாருங்க. 12ங்கறது படிக்க முடியலன்னா பென்சிலைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்கெட்ச் பேனால பெருசா எழுதி திரும்ப எடுங்க.

5. அனுப்பினப்புறம்

நிறைய வீட்ல அப்பா வேலை முடிஞ்சு வந்தாதான் போன் பசங்க கைக்கு வரும், அதனால காலைல லிங்க் போட்டுட்டு மதியமே பதில் கேக்காதீங்க. வீடியோ கடைசில 2/5 + 1/3 மாதிரி ஒண்ணு குடுத்து நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பதிலை குரூப்ல போடாம தனியா ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, தப்பு போட்ட பையன் அப்பதான் அடுத்த கணக்கையும் அனுப்புவான். திருத்தி முடிச்ச போட்டோவை அன்னிக்கே டெலிட் பண்ணிடுங்க, இல்லன்னா அடுத்த வீடியோ எடுக்கறப்போ ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு போன் பாதில நின்னுடும்.