கற்றல் நிலையைப் பெற்றோருக்குத் தெரிவிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்க வகுப்புப் பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து போகும் தகவலுக்குப் பஞ்சமில்லை. டைரிக் குறிப்பு, வாட்ஸ்அப் குழுச் செய்தி, பருவ இறுதியில் முன்னேற்ற அறிக்கை என எல்லாம் ஒழுங்காகவே போய்ச் சேர்கின்றன. ஆயினும், தம் குழந்தையால் இப்போது எதைத் தானாகச் செய்ய முடிகிறது, எந்த இடத்தில் அது தயங்கி நிற்கிறது என்று கேட்டால், அவற்றையெல்லாம் படித்த பெற்றோராலும் பெரும்பாலும் பதில் சொல்ல முடிவதில்லை.

இதற்கு முதன்மையான காரணம், நடத்தி முடித்த பாடத்தையே கற்றலாகக் கருதித் தெரிவிப்பதுதான். "இந்த வாரம் கழித்தல் கணக்கு முடிந்தது" என்ற செய்தி ஆசிரியரின் வேலையைப் பற்றியது. அதில் குழந்தையைப் பற்றி ஒன்றுமில்லை. 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7-ஐக் கழிக்க வழி தெரியாமல், 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. பத்தாம் இடத்தில் கடன் எதுவும் கொடுக்காமல் 5-இலிருந்து 2-ஐக் கழித்து 3 என்று எழுதியிருக்கிறது. இதைப் பார்த்து "கவனக்குறைவு" என்று எழுதி அனுப்பினால், பெற்றோர் இன்னும் இருபது கணக்குகளைப் போடச் சொல்வார்கள். குழந்தையும் இருபது முறை அதே தவற்றைச் செய்து, அதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளும். மாறாக, "கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறாள், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொண்டு, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டுங்கள்" என்று எழுதினால் வீட்டில் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. வகுப்பில் கற்றுத் தரும் முறையில் செய்து காட்டிய ஒரு கணக்கையும் உடன் அனுப்புவது நல்லது. பெற்றோர் தாம் படித்த காலத்து முறையைச் சொல்லித் தர, இரண்டு முறைகளுக்கிடையே குழந்தை குழம்பி நிற்பது அடிக்கடி நிகழ்கிறது.

அறிக்கை நாள் வரும்வரை காத்திருப்பது அடுத்த தவறு. எழுத்துக்கூட்டி வாசிப்பதில் திணறும் குழந்தை பருவம் முழுவதும் எல்லாப் பாடங்களிலும் திணறும். தகவல் சில மாதங்கள் பிந்தினால், அதற்குள் வாசிப்பின் மீதே குழந்தைக்கு வெறுப்பு வந்துவிடலாம். ஐயம் எழுந்த வாரத்திலேயே இரண்டு வரி எழுதுவதை நான் வலியுறுத்துவேன். முழுமையான மதிப்பீடு பிறகு வரட்டும்.

மதிப்பெண்ணை முன்னிறுத்துவதையும் சற்று யோசித்தே செய்ய வேண்டும். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக் குறிப்பை மட்டும் பெற்ற மாணவர்கள் ஆர்வம் குன்றாமல் மேம்பட்டனர். குறிப்புடன் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. அது மாணவர்களைப் பற்றிய ஆய்வு, பெற்றோரைப் பற்றியது அன்று. எனினும், எண் கண்ணில் பட்டவுடன் அடுத்த வீட்டுக் குழந்தை எத்தனை வாங்கியது என்ற கேள்விக்கே பேச்சு தாவிவிடுவதைப் பெற்றோர் கூட்டத்தில் அமர்ந்த எவரும் அறிவர். எண்ணைத் தரத்தான் வேண்டுமென்றால், குறிப்பைப் பேசி முடித்த பின் தரலாம்.

குறை இருந்தால் மட்டுமே பெற்றோரை அழைக்கும் வழக்கத்தால், பள்ளியின் தொலைபேசி எண்ணைக் கண்டாலே அவர்கள் பதறுகிறார்கள். அதற்காக வெறும் பாராட்டை மட்டும் அனுப்பினாலும் பயனில்லை. "நன்றாகப் படிக்கிறான்" என்பதும் "கவனம் தேவை" என்பதும் ஒரே அளவு வெறுமையானவை. எதை, எப்போது, எவ்வளவு உதவியுடன் செய்தான் என்பது இருந்தால்தான் பாராட்டு நம்பப்படும், திருத்தமும் ஏற்கப்படும்.

ஒரு குழந்தையின் விடைத்தாளையோ வாசிப்பு நிலையையோ வகுப்புக் குழுவில் பகிர்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அது அந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரிய செய்தி. படிக்கத் தெரியாத அல்லது வேறு மொழி பேசும் பெற்றோருக்கு எழுத்துக் குறிப்பை அனுப்பிவிட்டு, குழந்தையையே படித்துச் சொல்ல வைப்பதும் அதே அளவு தவறு. தன்னைப் பற்றிய குறையைத் தானே எடுத்துச் சொல்லும் நிலைக்கு எந்தக் குழந்தையையும் தள்ளக் கூடாது. அவர்களுக்குப் புரியும் மொழியில் குரல் செய்தி அனுப்பலாம், அல்லது நேரில் பேசலாம்.

கடைசியாக, பேச்சு முழுவதையும் ஆசிரியரே பேசி முடிப்பது. வகுப்பில் வாய் திறக்காத குழந்தை வீட்டில் தம்பிக்குக் கதை படித்துக் காட்டக்கூடும். அது தெரிந்தால் வாசிப்புக் குறைபாடு என்று எண்ணியது கூச்சமாக இருக்கலாம் என்பது ஆசிரியருக்குப் புரியும். எனவே சந்திப்பின் தொடக்கத்தில், வீட்டில் குழந்தை எதை விரும்பிச் செய்கிறது, எதைத் தள்ளிப்போடுகிறது என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்; அதைக் கொண்டு வகுப்பில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதை அடுத்த செய்தியில் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.