401கே-வில் எவ்வளவு போடலாம்?

அமெரிக்காவில் புது வேலையில் சேர்ந்ததும் ஹெச்ஆர் அனுப்பும் படிவங்களில் 401கே (சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பக்கம் வரும்போது, பலர் 3 சதவீதம் என்று ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கம்பெனி உங்கள் பங்குக்கு ஈடாகப் போடும் பணம், அதாவது மேட்ச், உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதிதான். கேட்டு வாங்கினால்தான் வரும்.

முதலில் அந்த மேட்ச் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். "நீங்கள் போடுவதில் பாதி, சம்பளத்தில் 6 சதவீதம் வரை" என்று இருந்தால் கம்பெனி தருவது அதிகபட்சம் 3 சதவீதம். அதை முழுசாக வாங்க நீங்கள் 6 போட்டாக வேண்டும். ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதம் போட்டால் உங்களுடையது 2,700, கம்பெனியுடையது 1,350. அதையே 6 ஆக்கினால் 5,400-ம் 2,700-ம். கூடுதலாகப் போடும் 2,700 அப்படியே கையில் குறையாது, ட்ரெடிஷனல் வகையில் வருமான வரிக்கு முன்பே பிடிப்பதால் 22 சதவீத வரி கட்டுபவருக்குச் சுமார் 2,100 தான் குறையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்தில் 81 டாலர். கணக்கில் ஏறுவதோ 4,050. வாடகை கொடுக்கவே திணறுகிறீர்கள் என்றால் தவிர, இதை விடக்கூடாது.

அடுத்தது வெஸ்டிங், அதாவது கம்பெனி போட்ட பணம் எப்போது உங்களுக்குச் சொந்தமாகிறது என்பது. நீங்கள் போட்டது எப்போதும் உங்களுடையது, ஆனால் கம்பெனி போட்டது சில இடங்களில் 3 வருடம் முடிந்தால்தான் கைக்கு வரும், சில இடங்களில் 6 வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பெயருக்கு மாறும், சில இடங்களில் முதல் நாளே. இரண்டு வருடத்தில் ஊர் திரும்பப்போகிறவருக்கு 3 வருட நிபந்தனை உள்ள மேட்ச் பயன்படாது. மற்றபடி "எப்படியும் இந்தியா போகத்தானே போகிறோம்" என்று ஒதுக்க வேண்டியதில்லை, கிளம்பிய பிறகும் பணம் அங்கேயே வளரலாம். 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியோடு 10 சதவீத அபராதம் உண்டு, ஆனால் வெஸ்ட் ஆகிவிட்ட 50 சதவீத மேட்ச் அந்த அபராதத்தைத் தாங்கும்.

சரி, மேட்ச் முழுசாக வந்துவிட்டது, இன்னும் போடலாமா? கிரெடிட் கார்டு கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அப்புறம் கையிருப்பு. ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், அதற்குள் புது வேலை அல்லது மூட்டை கட்டுவது, இரண்டுக்கும் ரொக்கம் வேண்டும், அதனால் ஆறு மாதச் செலவுக்காவது வங்கியில் வைத்துக்கொண்டு பிறகு சதவீதத்தை ஏற்றுங்கள் என்பேன். சம்பளம் கூடும்போதெல்லாம் 1 சதவீதம் ஏற்றினால் கை கடிப்பது தெரியாது.

நிறையச் சம்பாதிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2026-க்கு ஊழியர் போடக்கூடிய உச்சவரம்பு 24,500 டாலர், 50 வயதைத் தொட்டவர்களுக்கு இன்னும் கூடுதல். 1,50,000 சம்பளக்காரர் 33 சதவீதம் போட்டு ஜூன் மாதத்திலேயே வரம்பை எட்டிவிட்டால், மேட்ச் ஒவ்வொரு சம்பளத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும் கம்பெனியில் மிச்ச மாதங்களுக்கு ஒன்றும் வராது. 4 சதவீத மேட்ச் என்றால் 3,000 டாலர் போச்சு. வருடக் கடைசியில் அதைச் சரிக்கட்டும் ட்ரூ-அப் உண்டா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள், இல்லையென்றால் டிசம்பர் வரை பரப்பிப் போடுங்கள்.

நடுவில் வேலை மாறினாலும் அந்த வரம்பு ஆளுக்கு ஒன்றுதான். பழைய கம்பெனியில் போட்டது புதிய கம்பெனிக்குத் தெரியாது, கூட்டிப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. மிஞ்சியதை அடுத்த ஏப்ரல் 15-க்குள் திரும்ப எடுக்காவிட்டால் அதே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டிவரும்.