துளசித் தொட்டியிலிருந்து அண்டார்க்டிகா வரை: பெயர் வைக்கும்முன் கவனிக்க வேண்டியவை

கானாடுகாத்தான் வீட்டு இரண்டாங்கட்டில் துளசித் தொட்டியை நகர்த்தினால், ஈர மண்ணில் சாம்பல் நிறத்தில் நாலைந்து பூச்சிகள் ஓடும். சிலது தொட்டால் உருண்டுகொள்ளும். பூச்சி என்கிறோமே தவிர, அது இறால், நண்டு வகையறா. ஐசோபாட் என்று பெயர். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், சேற்றில் ஊரும் ஐசோபாடுகளுக்கு இது தூரத்துப் பங்காளி. விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இனம் காணும் பயிற்சி கொடுக்க நான் முதலில் எடுத்துப் போவது இதைத்தான். "எத்தனை காலுன்னு எண்ணி என்னடா தம்பி பண்ணப் போறே?" என்று அப்பத்தா கேட்பார்.

எண்ணுவதில்தான் முதல் தவறே நடக்கிறது. வளர்ந்த ஐசோபாடுக்கு நடக்கும் கால் ஏழு ஜோடி. ஒரு மாணவி லென்ஸில் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு ஆறு ஜோடிதான், இது வேற இனம்" என்றாள். வேறு இனமில்லை, குட்டி. தாயின் வயிற்றடிப் பையிலிருந்து வெளியே வரும்போது கடைசி ஜோடி கால் முளைத்திருக்காது. இந்தப் பருவத்தை மான்கா என்பார்கள். ஆழ்கடல் ஐசோபாடுக்கும் இதே கதைதான், அதன் உறவுக் கூட்டமான டானெய்டுக்கும் இதே கதைதான். ஆனால் இன்னொரு உறவுக் கூட்டமான ஆம்பிபாடுக்கு இந்தப் பருவம் கிடையாது. ஆகவே ஆறு ஜோடி என்று எழுதும்முன் கையில் இருப்பது எந்தக் கூட்டம் என்று பாருங்கள். பக்கவாட்டில் தட்டையா, மேலும் கீழும் தட்டையா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: முன்னது ஆம்பிபாட், பின்னது ஐசோபாட்.

அப்புறம் உடைந்த கால்கள். ஆழ்கடல் அடியில் இழுத்துவரும் வலைச்சட்டம் மென்மையாகவா நடந்துகொள்ளும்? முன்னாப்சிட் குடும்பத்து ஐசோபாடுகளுக்குச் சில கால்கள் உடம்பைவிடப் பல மடங்கு நீளம். மேலே வந்து சேரும்போது வெறும் அடிக்கட்டைதான் மிஞ்சும். கால் இல்லை என்று குறிப்பதும், கால் போய்விட்டது என்று குறிப்பதும் ஒன்றல்ல. கால் பொருந்தும் குழி இருக்கிறதா என்று ஊசியால் மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்த தவறை நானே செய்தேன். தொண்டிக் கடற்கரையில் கடல்புல்லை அலசி எடுத்த ஆம்பிபாடுகளில் சிலவற்றுக்கு முன்காலில் பெரிய கொடுக்கு, மற்றவற்றுக்குச் சின்னது. இரண்டு குப்பி, இரண்டு பெயர் என்று பிரித்து வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், சின்னக் கொடுக்குக் குப்பியில் மட்டும்தான் முட்டை சுமந்தவை! பெரிய கொடுக்கு ஆண், சின்னது பெண், அவ்வளவுதான். ஆழ்கடலில் இது இன்னும் மோசம். டானெய்டுகள் பலவற்றில் முதிர்ந்த ஆண், வாயுறுப்புகள் சுருங்கி, சாப்பாட்டையே விட்டுவிட்டு நீந்தும் உருவமாக மாறிவிடும். பக்கத்தில் வைத்தாலும் ஜோடி என்று நம்ப முடியாது.

இதுவரை சொன்னது ஒன்றைப் பலவாக்கும் தவறு. பலவற்றை ஒன்றாக்கும் தவறுதான், என் கணக்கில், இன்னும் பெரியது. 1822-இல் பெயர் பெற்ற யூரிதெனிஸ் கிரில்லஸ் என்ற பிணந்தின்னி ஆம்பிபாடை எடுத்துக்கொள்ளுங்கள். கிரில்லஸ் என்றால் லத்தீனில் சுவர்க்கோழி. நம் குட்டிப் பிராணிகளில் இது பெரிய ஆள், விரல் நீளத்தையும் தாண்டி வளரும். இரைப்பொறி வைத்தால் எந்தக் கடலிலும் வந்து விழும், ஆகவே உலகமெங்கும் ஒரே இனம் என்று நெடுங்காலம் எழுதினார்கள். உருவத்தில் இருந்த சின்னச் சின்ன மாற்றங்களை 'மாறுபடும் இனம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். 2013-இல் மரபணுவை ஒப்பிட்டபோது, அந்த ஒரே பெயருக்குள் இனம் என்று சொல்லத்தக்க கிளைகள் குறைந்தது ஒன்பது இருப்பது தெரிந்தது. ஒன்பது என்றதும் எங்கள் ஊரில் நகரத்தாரின் குலப்பிரிவுகளான ஒன்பது கோயில்தான் நினைவுக்கு வரும். முகத்தைப் பார்த்து மாத்தூர்க் கோயிலா வைரவன்பட்டியா என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும், சம்பந்தம் பேசும்முன் கேட்காமல் யாரும் இருக்கவும் மாட்டார்கள்.

3,000 மீட்டர் வாக்கில் ஒரு கோடு விழுவதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதற்கு மேலே வாழும் கிளை வேறு, கீழே வாழும் கிளை வேறு. 2015-இல் புதுப் பெயர்கள் வந்தன. தென்பெருங்கடல் இனம் ஒன்றுக்கு யூரிதெனிஸ் அந்தகாரே என்று பெயர், நம் அந்தகாரம்தான். இருட்டில் வாழ்வதற்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வைப்பது?

சரி, அப்படியானால் இரண்டு துருவத்திலும் ஒரே பெயர் வந்தால் அது தப்பு என்று முடிவு கட்டலாமா? அதுவும் தவறு. அந்த ஒன்பதில் ஒரு கிளை ஆர்க்டிக், அண்டார்க்டிக் இரண்டு பக்கமும் நிஜமாகவே இருக்கிறது.

மரபணு என்றதும் உருவத்தைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. ஒரே ஒரு மரபணுத் துண்டை வைத்து இனம் பிரிப்பது, ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது மாதிரி. பயன்படாமல் போன போலிப் பிரதிகள் செல்லுக்குள் கிடக்கும், பக்கத்துக் குப்பியின் கலப்படமும் சேரும். மரபணு வரிசையில் வித்தியாசம் வந்தால் மறுபடி லென்ஸுக்குத் திரும்புங்கள். கிளை பிரிந்த பிறகு தேடும்போது, முன்பு கண்ணில் படாத முள்ளோ தகடோ பல தடவை அகப்பட்டிருக்கிறது.

ஒற்றை மாதிரியை வைத்துப் புது இனம் அறிவிக்கும் ஆசையும் ஆபத்துதான். 2002 முதல் 2005 வரை தென்பெருங்கடலில் நடந்த ஆண்டீப் (ANDEEP) என்ற ஆழ்கடல் ஆய்வுப் பயணங்களில் 674 ஐசோபாட் இனங்கள் கிடைத்தன, அவற்றில் 585 அறிவியலுக்குப் புதியவை. ஆக, புதுசு கிடைப்பது அங்கே அதிசயமே இல்லை. ஒன்றே ஒன்று கையில் இருந்தால், அந்த இனம் தனக்குள் எவ்வளவு மாறும் என்று எப்படித் தெரியும்? ஆத்தங்குடிக் கல்லிலேகூட ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஒன்றுபோல இருப்பதில்லை. 'இனம் 1' என்று எண் போட்டு வைத்துக் காத்திருப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பதப்படுத்துவதில் இரண்டே விஷயம். ஃபார்மலினில் போட்டால் மரபணு வேலைக்கு உதவாது, குளிரவைத்த 96 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஆனால் எத்தனால் நிறத்தைத் தின்றுவிடும். எபிமீரியா போன்ற அண்டார்க்டிக் ஆம்பிபாடுகளில் சிவப்பும் மஞ்சளுமாக உள்ள கோலம் அடையாளத்துக்கு உதவும், ஆகவே உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். இடம், ஆழம், தேதி மூன்றையும் பென்சிலில் எழுதி, சீட்டைக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். பால்பாயிண்டில் எழுதினால் மறுநாள் வெள்ளைக் காகிதம்தான் மிதக்கும்.