கிராஃபைட்டைப் பிளாஸ்மாவில் வைத்தால் மட்டும் கிராஃபீன் ஆகிவிடாது: அடிக்கடி நேரும் தவறுகள்

கிராஃபீன் என்பது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் அடுக்கு; அப்படிப்பட்ட அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்ததே கிராஃபைட். சாதாரண கிராஃபைட் தூளைப் பிளாஸ்மாவில், அதாவது மின்னாற்றலால் அயனியாக்கிய வாயுவில், காட்டினால் அந்த அடுக்குகள் தாமாகப் பிரியும் என்று நம்புவதுதான் முதல் தவறு. அயனிகளின் வேலை மேற்பரப்பில் சில நானோமீட்டர் ஆழத்தோடு முடிந்துவிடும். அடுக்குகளுக்கு இடையே 0.335 நானோமீட்டர்தான் இருக்கிறது. 10 மைக்ரான் தடிமனுள்ள செதிலில் ஏறத்தாழ 30,000 அடுக்குகள். மேலே சில அடுக்குகள் சிதையும், உள்ளே இருப்பது அப்படியே கிராஃபைட்டாக இருக்கும்.

எனவே இடைவெளியை முன்பே திறந்து வைக்க வேண்டும். கந்தக அமிலம் ஏற்றிய விரிவடையும் கிராஃபைட் அல்லது கிராஃபைட் ஆக்சைடு எடுங்கள். சூடு பட்டதும் உள்ளிருப்பது வாயுவாகி அடுக்குகளைத் தள்ளும். பிரிப்பது அந்த அழுத்தம்தான். இங்கே பலரும் எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்து ஆற்றலைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். வாயு ஓரங்கள் வழியே கசிந்து, தூள் உப்பாமலே போய்விடும். கந்தக ஆக்சைடுகள் வெளிவரும் என்பதால் வெற்றிடப் பம்புக்கு முன்னால், ஆவிகளைக் குளிர்வித்துப் பிடிக்கும் குளிர்பொறி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

வாயுத் தேர்வும் சறுக்கும் இடம். ஆக்சிஜன் கார்பனைக் கார்பன் மோனாக்சைடாகவும் டையாக்சைடாகவும் எரித்துவிடும். முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு போனது என்று தெரியும். கிராஃபைட் ஆக்சைடில் உள்ள ஆக்சிஜனைக் குறைக்க ஹைட்ரஜன் கலந்த ஆர்கான் பொருத்தம். சாதாரண கனிம எண்ணெய் போட்ட பம்பில் செறிவான ஆக்சிஜனை இழுத்தால் வெடிக்கக்கூடும். ஃபுளோரின் ஏற்றிய எண்ணெய் வேண்டும்.

தூளைத் தட்டில் குவித்து வைத்தால் மேல்பகுதி மட்டுமே பிளாஸ்மாவைப் பார்க்கும். மெல்லிய படலமாகப் பரப்புங்கள், அல்லது சுழலும் உருளையில் போடுங்கள். வெற்றிட வால்வைச் சட்டென்று திறந்தால் தூள் பறந்து மின்காப்பிகள்மேல் படியும். கிராஃபைட் மின்சாரம் கடத்துவதால் அடுத்த ஓட்டத்தில் அங்கே பொறி பறக்கும்.

கருப்பாக, பஞ்சுபோல இருந்தால் கிராஃபீன் என்று முடிவுகட்டுவதுதான் மிகப் பரவலான பிழை. உப்பிய கிராஃபைட்டும் அப்படித்தான் இருக்கும். ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறுவதை அளக்கும் சோதனை) 2700 செ.மீ.⁻¹ அருகே உள்ள 2டி முகட்டைப் பாருங்கள்: கிராஃபைட்டில் அதன் பக்கத்தில் தோள்போன்ற புடைப்பு இருக்கும், ஒற்றை அடுக்கில் குறுகிய, சமச்சீரான ஒரே முகடு. ஒழுங்கின்றி அடுக்கப்பட்ட பல அடுக்குகளும் ஒரே முகட்டைக் காட்டி ஏமாற்றும், ஆனால் அது அகலமாக இருக்கும். 1350 அருகே டி முகடு உயர்ந்திருந்தால், குறைபாடுகள் பெருகிவிட்டன. ஆற்றலையோ நேரத்தையோ குறையுங்கள். பத்து அடுக்குக்கு மேல் போனதைக் கிராஃபீன் என்று எழுதாதீர்கள்.