எஃப்சிஎம்: இறக்கையை விடுங்கள், காலைப் பாருங்கள்

கென்யாவின் நைவாஷா ரோஜாப் பண்ணைகளில் எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஒரு சின்னப் பழுப்பு அந்துப்பூச்சி. இறக்கையை விரித்தாலும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஃபால்ஸ் கோட்லிங் மாத் என்பது முழுப்பெயர். பண்ணையில் எல்லோருக்கும் எஃப்சிஎம். சகாராவுக்குத் தெற்கே இதன் பூர்வீகம். ஆரஞ்சு, பருத்தி, குடைமிளகாய், ரோஜா என்று எதையும் விடாது. ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டியில் ஒரு புழு அகப்பட்டாலே சரக்கு சிக்கலில் மாட்டிவிடும். அதனால் பண்ணையில் பூச்சியைத் தேடிக் கணக்கெடுக்கப் புதிதாக வரும் ஸ்கவுட்டுகளுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

பெண்பூச்சியின் வாசனையை வைத்து ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்ததையெல்லாம் எஃப்சிஎம் என்று கணக்கெழுதாதீர்கள். அதன் பங்காளிகளும் அந்த வாசனைக்கு வரும். வருவதும் ஆண்கள்தான்.

முதலில் குடும்பம். லென்ஸில் உறிஞ்சுகுழலின் அடியைப் பாருங்கள். செதில் மூடியிருந்தால் பைராலிடே மாதிரி வேறு குடும்பம், ஒதுக்கிவிடலாம். நமக்கு வேண்டிய, எஃப்சிஎம்மின் குடும்பமான டார்ட்ரிசிடேக்கு அந்த இடம் மொட்டையாக இருக்கும்.

அடுத்து எல்லோரும் முன்இறக்கைக்குப் போவார்கள். வெளியோரத்தில் கருத்த முக்கோணம், நடுவில் சின்ன வெள்ளைப்புள்ளி என்று படத்தில் அழகாகத்தான் இருக்கும். பொறிப் பசையில் புரண்ட பூச்சியிலோ செதிலெல்லாம் உதிர்ந்து ஒன்றும் தெரியாது. பின்னங்காலைப் பாருங்கள். ஆணுக்கு அங்கே அடர்த்தியான முடிக்கற்றை இருக்கும். கூடவே பின்இறக்கையின் உள்விளிம்பில் அரைவட்டமாக ஒரு பை. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் நான் எஃப்சிஎம் என்று குறிப்பேன். வெறும் முடியை நம்பாதீர்கள்.

பெண்பூச்சிக்கு இந்த வசதி கிடையாது. வயிற்றுநுனியை வெட்டி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர் மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம்.

மொட்டுக்குள் புழு கிடைத்தால்? வளர்ந்த புழு இளஞ்சிவப்பு. ஆனால் நிறம் சாட்சி ஆகாது. முதல் மார்புக்கண்டத்தில் மூச்சுத்துளைக்கு முன்னால் முடிகளை எண்ணுங்கள்: மூன்று இருந்தால் டார்ட்ரிசிடே, இரண்டென்றால் பைராலிடே. பிறகு வால்நுனியில் சீப்புப் பற்கள். எஃப்சிஎம்முக்கு உண்டு, ஆப்பிளைத் துளைக்கும் அசல் கோட்லிங் புழுவுக்கு இல்லை.

எடுத்த மாதிரியை ஆல்கஹாலில் போட்டு, பயிர், இடம், உயரம், தேதி எழுதிய சீட்டையும் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

எஃப்சிஎம்மின் இன்றைய அறிவியல் பெயர் தௌமாட்டோடிபியா லியூகோட்ரெட்டா. 1913இல் பூச்சியியலாளர் மேரிக் விவரித்தபோது ஆர்கிரோப்ளோசே பேரினத்தில் இருந்தது. பிறகு கிரிப்டோஃப்ளெபியா ஆனது. 1999இல் பூச்சியியலாளர் கோமாய் தௌமாட்டோடிபியாவுக்கு மாற்றினார். பழைய கட்டுரைகளைத் தேடும்போது மூன்று பெயரையும் போட்டுத் தேடுங்கள். தென்னாப்பிரிக்க ஆரஞ்சுத் தோட்டங்களின் பழைய வேலை பலதும் முந்தைய பெயர்களில்தான் கிடைக்கும்.